கரண்ட் சொல்ல வேண்டிய ‘சரி’

‘புயல் வளையம்’ என்ற சண்டை வீடியோ கேமின் ஆறாம் பாகம் பிறப்பதற்கு முன்பே செத்துக்கொண்டிருந்தது.

வெள்ளோட்டம் விட்ட பதிப்பை ஆடிப் பார்த்தவர்கள் காறித் துப்பியிருந்தார்கள். ‘சண்டையா இது? தண்ணிக்குள்ள கைகலப்பு!’ ‘தாலாட்டு பாடிக்கிட்டே குத்துறாங்கப்பா.’ ‘முதல் பாகத்தைக் கொண்டாங்க, இதை நீங்களே வச்சுக்குங்க.’

“படம் பளிங்கு மாதிரி இருக்கு. சத்தம் காதைப் பிய்க்குது. அப்புறம் என்ன குறை மேடம்?” என்றான் தயாரிப்பாளன். ஆபீஸ் முழுக்க அவனுக்குத் தாடி என்றுதான் பெயர். “மேலிடத்துல தொடரையே மூடச் சொல்றாங்க. இந்த வாரத்துக்குள்ள காரணம் வேணும்.”

அவள் தலையாட்டினாள். கடைகளில் காசு போட்டு ஆடும் பெட்டிக்குள், கட்டம் கட்டமாய்த் தெரிந்த இரண்டே வீரர்கள் மோதிக்கொண்ட காலத்திலிருந்து சண்டைக்கான புரோகிராம் எழுதுகிறவள் அவள். பெட்டி போய் வீட்டு டிவி வந்தது. டிவி தட்டையானது. பிறகு இணையத்தில் மோதினார்கள். அவள் மட்டும் அதே மேஜையில்.

ஆறு பாகங்களின் புரோகிராமையும் அருகருகே திறந்து வைத்தாள்.

கொல்லன் என்கிற வீரனின் எதிரடிதான் இந்தத் தொடரின் உயிர். எதிரியின் குத்து மேலே படுகிற அந்தக் கணத்தில் பட்டனை அமுக்கினால், குத்து திரும்பி எதிரி மேலேயே விழும். முந்தினாலும் போச்சு, பிந்தினாலும் போச்சு. முதல் பாகத்தில் அந்தக் கணம் கண் சிமிட்டலில் பாதிகூட இல்லை. இரண்டாம் பாகத்தில் கொஞ்சம் அகலம். மூன்றில் இன்னும் கொஞ்சம். ஆறில்? சாவகாசமாகக் கொட்டாவி விட்டுவிட்டு அமுக்கலாம்.

கூட்டியது யார்? அவளேதான்.

யார் சொல்லி?

தம்பி சொல்லி.

தம்பிக்குக் கரண்ட் என்று பட்டப்பெயர். அந்தக் காலத்தில் ஒரு காசைப் போட்டால் கடை சாத்தும்வரை பெட்டியை விட்டு நகரமாட்டான். அவன் கையைத்தான் முதல் பாகத்துக்கு அளவுகோலாக வைத்தார்கள். அதுவே வழக்கமாகிவிட்டது. கரண்ட் ஆடிப் பார்த்து ‘சரி’ சொல்லாமல் எந்தப் பாகமும் வாசல் தாண்டாது. ஒவ்வொரு முறையும், “பிடிபடலக்கா, கொஞ்சம் தளர்த்து” என்பான். அவளும், படம் பிந்தி வருகிறதென்று புது டிவியைத் திட்டுவாள், இணையத்தைத் திட்டுவாள், தளர்த்துவாள். எந்திரம் மெதுவாகிவிட்டதாகவே நம்பினாள்.

எந்திரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அளவுகோலுக்கு வயசாகியிருந்தது.

முதல் பாகத்து அளவை ஆறாம் பாகத்தில் போட்டுக்கொண்டு சோதனை அறைக்குப் போனாள். தம்பி நாற்காலியில் சரிந்து, மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி வர்றே? தாடி கத்தினானா?”

“ஆடிப் பாரு. ஒண்ணு மாத்தியிருக்கேன்.”

“மறுபடியுமா? கண்ணு எரியுதுக்கா.”

கொல்லனை எடுத்தான். எதிரி குத்தினான். அமுக்கினான். பிந்திவிட்டது. மறுபடி குத்து. மறுபடி பிந்தியது. கொல்லன் மல்லாந்தான்.

“கட்டைல போறவன், எப்படி விழறான் பாரு! தளர்த்துக்கா.”

“மாட்டேன்.”

சட்டென்று திரும்பினான்.

“இது முதல் பாகத்து அளவுடா. உன் கையைப் பாத்து வச்சது.”

“அப்ப நடுவுல மாத்தினதெல்லாம்?”

“நீ கேட்டே, நான் குடுத்தேன்.”

சிரிப்பு மாதிரி ஒன்று அவன் முகத்தில் வந்து போனது. “அப்ப ஊரையே தூங்க வச்சது நாமதானா?”

“நான் கவனிச்சிருக்கணும்.”

“ஆமா, நீ பெரிய இவ!” தைல டப்பாவை மூடினான். “எனக்குத் தெரியாதாக்கா என் கை? போன பாகத்துலயே சந்தேகம்தான். வாயை விட்டா அப்புறம் இந்த ரூம்ல எனக்கு என்ன வேலை?”

கொல்லன் மல்லாந்து கிடந்த ஆட்டத்தை அவள் மறுபடி தொடக்கத்துக்குக் கொண்டுபோனாள்.

கதவு திறந்தது. தாடி. “கரண்ட் சார், ஏதாவது பிடிபட்டுச்சா?”

டிவி கோளாறு என்று ஒரு பொய் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தம்பி அவளைப் பார்த்தான். வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையசைத்தான். ஜாய்ஸ்டிக்கைத் தாடியிடம் நீட்டினான்.

“நீங்க ஆடுங்க.”

தாடி நின்றபடியே ஆடினான். தோற்றான். முனகினான். மறுபடி தோற்றான். அடுத்த குத்துக்கு, டணார்! எதிரி சுவரில் போய் மோதி விழுந்தான்.

“அய்யோ! சார்! இதான் சார், இதேதான்!” அவன் குரல் கீச்சிட்டது. “என்ன மாத்தினீங்க?”

“அளவை. இத்தனை நாள் என் கைக்கு ஏத்த மாதிரி தளர்த்திக்கிட்டே வந்துட்டோம்” என்றான் தம்பி. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை, அலுப்பு மட்டும்தான். “இனிமே வேற கையைப் பாத்துக்குங்க.” எழுந்தான். முழங்கால் சொடுக்கியது.

தாடி பாதி காதில்தான் வாங்கினான். காலியான நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டான்.

தம்பி அவன் முதுகுக்குப் பின்னால் நின்று இன்னொரு சண்டையை முழுசாகப் பார்த்தான். எதிரடி மறுபடி விழுந்தது.

“சரி” என்றான்.

தாடி திரும்பவில்லை. அடுத்த எதிரியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தான்.