ஆறு மணி இரைச்சல்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருக்கும் வைஜயந்திக்கு எட்டு வருஷமாகக் காலை ஆறு மணி என்றால் தங்கப்பாண்டியனின் குரல்தான். பட்டாளத்தில் சிக்னல் பிரிவிலிருந்து ஓய்வுபெற்று ராஜபாளையத்தில் தனியாக இருப்பவர். இருவரிடமும் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸும், அதோடு வரும் ‘கால்சைன்’ என்ற அடையாள எழுத்துகளும் உண்டு. மழை, ஆண்டெனா, மாவு புளித்துப்போனது என்று அரைமணி நேரம் ஓடிவிடும். போன் நம்பர் கேட்டுக்கொண்டதில்லை. போனில் கூப்பிட ஒரு காரணம் வேண்டும், ரேடியோவில் வேண்டாம்.

ஐப்பசி இடியில் அவருடைய பழைய செட் கருகியது. துபாயிலிருந்து மகன் புதிது அனுப்பினான். அது டிஜிட்டல், அதே கம்பெனி செட் வைத்திருப்பவர்களோடு மட்டும்தான் பேசும். அன்றிலிருந்து ஆறு மணிக்கு அவர் பேசுவது வைஜயந்தியின் ஸ்பீக்கரில் வெறும் ‘கர்ர்ர்’தான். ரேடியோ கிளப் நண்பர் பிரேம்குமார்தான் விஷயத்தைச் சொன்னார்.

“நீங்களும் அதையே வாங்கிருங்கக்கா. அந்த இரைச்சல்லருந்து குரலைப் பிரிக்கிற வித்தையை அந்தக் கம்பெனிக்காரன் வெளிய விட மாட்டான்.”

தன் கையால் பற்றவைத்துச் செய்த ரேடியோப் பெட்டியைத் தவிர வேறெதிலும் அவள் பேசியதில்லை. வாங்க மனம் ஒப்பவில்லை. அந்த இரைச்சலைக் கேட்காமலிருக்கவும் முடியவில்லை. அது ஓய்வதற்குள் காபி ஆறிப்போயிருக்கும்.

யாரும் படித்துப் பார்த்து மாற்றிக்கொள்ளும்படி திறந்து வைத்த டிஜிட்டல் முறை ஒன்று இருந்தது. மூன்று மாதம் உட்கார்ந்து, அதில் பேசும் செட் இரண்டு செய்தாள். கிளப்பில் விலாசம் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையம் பஸ் ஏறினாள்.

குரலை வைத்து அவள் நினைத்திருந்ததைவிட அவர் ஒல்லியாக இருந்தார். செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இம்புட்டையும் நீங்களே செஞ்சியளா?”

“ஆமா சார். இதுல பூட்டு எதுவும் கிடையாது.”

செட்டை மேசைமேல் வைத்தார். பொறவு சொன்னார்: “ஒங்களுக்குக் கேக்காதுன்னு தெரியும்மா. ஆனாலும் தெனமும் ஒங்க கால்சைனைச் சொல்லித்தான் முடிச்சேன். அந்த செட்டுல கூடப் பேசுறவன்லாம் சிரிப்பானுவ.”

வைஜயந்தி குனிந்து ஆண்டெனாத் திருகை இறுக்கினாள். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

மறுநாள் காலை அவர் குரல் வந்தது. துல்லியமாக, ஒரு பிசிறில்லாமல். ஆனால் பேசத் தொடங்குமுன் அவர் இழுக்கும் மூச்சைக் காணோம். வேண்டாத சத்தம் என்று செட்டிலிருந்த மென்பொருள் கழித்துவிட்டிருந்தது.

“நல்லாக் கேக்குதாம்மா?”

“கேக்குது சார். இன்னும் கொஞ்சம் பேசுங்க.”

அன்று சாயங்காலம் கோர்ட்டிலிருந்து வந்தவள் புடவைகூட மாற்றாமல் லேப்டாப்பைத் திறந்து, மென்பொருளில் மூச்சைக் கழிக்கும் வரி எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தாள்.