கிசுமு இறக்கம்

என் கணவர் அமுகுனேக்குக் கசாப்புக் கடை. மாட்டுத் தொடையைக் கொக்கியில் மாட்டிவிட்டு, கேட்ட எடைக்கு ஒரே வெட்டில் வெட்டித் தருவார். அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியபோது நான் முதலில் பயந்தது கத்தியை நினைத்துத்தான். விரல் போய்விடுமே என்று கவலைப்பட்டேன். அதைவிடப் பெரிய பயங்கள் வரிசையில் நின்றது அப்போது தெரியவில்லை.

நடுக்கம் கையோடு நிற்கவில்லை. காலடி குறுகி, பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். வாசற்படி வந்தால் அப்படியே நின்றுவிடுவார். முகத்தில் சிரிப்பு வருவதும் நின்றுபோயிற்று. கடைக்கு வருகிறவர்கள் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் வெறிக்க வெறிக்கப் பார்ப்பார். உள்ளுக்குள் சிரிக்கிறார் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கு எப்படித் தெரியும்? அந்த நடுக்கம் இறைச்சியோடு சேர்ந்து உங்கள் வீட்டுக்கும் வரும் என்று எதிரில் இன்னொரு கசாப்புக் கடை வைத்திருந்த அசேகா சொல்லத் தொடங்கினான். ஒரு கைம்பெண்ணை ஏமாற்றி அவள் பசுவை வாங்கி இவர் அறுத்தார், சாகும்போது பசுவுக்கு இருந்த நடுக்கம் இவர் உடம்பில் ஏறிவிட்டது என்று யாரோ கதை கட்டினார்கள். அந்தக் கதை எங்களுக்கு முன்னால் சந்தைக்குப் போய்விடும்.

ஒரு மத்தியானம் மக்காச்சோள மாவில் உகாலி கிண்டிக்கொண்டிருந்தபோது எங்கள் தகரக் கூரையில் ஒரு கல் விழுந்தது. சற்றுக் கழித்து இன்னொன்று. வெளியே ஓடிவந்தால் யாரும் இல்லை, வாழைத் தோப்புக்குள் மட்டும் சிரிப்புச் சத்தம். அன்றிலிருந்து பகலிலேயே கதவைத் தாழ்போட்டேன். பேச்சு அடங்கும்வரை அவரை அவருடைய தாய்மாமன் ஊருக்கு அனுப்பிவிடலாமே என்று அவர் அண்ணன் வந்து தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். சொன்னது சொந்த அண்ணன்.

நகுருவில் வேலை பார்க்கும் எங்கள் மகள் அடிசா இதைக் கேட்டுப் போனிலேயே அழுதாள், கத்தினாள். கிசுமுவில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை விடவில்லை. அங்கே டாக்டர் அவரை நடக்கச் சொல்லிப் பார்த்தார், கட்டைவிரலையும் ஆட்காட்டிவிரலையும் தட்டச் சொன்னார். இது பார்க்கின்சன் என்றார். மூளையில் ஊற வேண்டிய ஒன்று வற்றிப்போவதால் வருகிறது, சாபமும் இல்லை, யாருக்கும் ஒட்டவும் ஒட்டாது என்று விளக்கினார். முழுதாகக் குணமாகாது, மாத்திரையால் சமாளிக்கலாம் என்றும் சொன்னார். குணமாகாது என்பதற்குமேல் என் காதில் எதுவும் விழவில்லை.

வெளியே பெஞ்சில் தலை ஆடிக்கொண்டே இருந்த ஒரு பெண்மணி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை, பெயர் இமாலி.

"என்ன, ஊர்ல பேய் புடிச்சிருக்குன்னு சொல்லிட்டாங்களா? எனக்கும் அதே பேய்தான். அதுக்குப் பேரும் இருக்கு, மாத்திரையும் இருக்கு. இப்படி உக்காருங்க."

இமாலி டீச்சர் இந்த நோய்க்காரர்களைச் சேர்த்து ஒரு குழு நடத்திவந்தார். வருஷத்துக்கு ஒருமுறை ககமேகாவிலிருந்து கிசுமுவரை சைக்கிளில் போவார்கள், வழியில் சந்தை சந்தையாக நின்று நோயைப் பற்றிப் பேசுவார்கள். சேரும் நன்கொடையில் வசதியில்லாத நோயாளிகளுக்கு மாத்திரை. இவருக்குச் சைக்கிள் தெரியுமா என்று கேட்டார். கடை வைப்பதற்கு முன்னால் இவர் சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைத்தவர் என்றேன். உடனே காவல்காரரின் சைக்கிளைக் கேட்டு வாங்கி இவரை ஏற்றிவிட்டார். வாசற்படி தாண்ட முடியாத மனிதர் ஆஸ்பத்திரி முற்றத்தை இளவட்டம்போல வட்டமடித்தார். சிலருக்கு இப்படி உண்டு, நடக்க மறந்த கால் பெடலை மறக்காது என்றார் டீச்சர்.

சந்தோஷப்பட வேண்டியவள் நான். ஆனால் இதை எங்கள் ஊர்க்காரர்கள் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. நினைத்தபடியே நடந்தது. நடக்க முடியாதவன் சைக்கிள் ஓட்டுகிறான் என்றால் ஓட்டுவது அவன் இல்லை, வேறு ஏதோ ஒன்று என்று அசேகா சொன்னானாம்.

அந்த வருஷப் பயணம் எங்கள் சந்தை வழியாகத்தான். இவர் போவேன் என்றார். நான் கெஞ்சினேன், சண்டை போட்டேன், பேசாமல்கூட இருந்து பார்த்தேன். அவர் குரல் அப்போதே மெலிந்துபோயிருந்தது, பக்கத்தில் போனால்தான் கேட்கும்.

"வீட்டுக்குள்ளயே உக்காந்திருந்தா அவங்க சொல்றது நெசம்னு ஆயிடும், ஜெரிடா. நான் போறேன். நீ பின்னாடி உக்காந்துக்க. மாத்திரை எப்ப குடுக்கணும்னு உனக்குத்தான் தெரியும்."

உட்கார்ந்தேன். வேறு என்ன செய்ய?

எல்லோருக்கும் மஞ்சள் சட்டை. இவரைப்போல நோய்க்காரர்கள் சிலர், நர்சுகள், சைக்கிளில் ஆள் ஏற்றும் வாலிபர்கள் பலர். டீச்சருக்கு உடம்பு நிலைகொள்ளாது, அதனால் அவர் ஒலிபெருக்கியோடு முன்னால் வேனில் வந்தார். கேரியரில் ஒருபக்கமாகக் கால்போட்டு உட்கார்ந்து இவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். சட்டை வழியாக நடுக்கம் என் உள்ளங்கைக்கு வந்தது. மிதிக்க மிதிக்கக் குறைந்தது.

எங்கள் ஊரில் அன்று சந்தை நாள், நல்ல கூட்டம். வேன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது. நாங்கள் இந்தப் பக்கம் இறங்கினோம். ஒரு வாலிபர் சைக்கிளை வாங்கிக்கொண்டார். ரோட்டைக் கடந்து டீச்சர் பக்கத்தில் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். பாதி ரோட்டில் இவர் கால் நின்றுவிட்டது. உடம்பு முன்னால் சாய்கிறது, குதிகால் படபடக்கிறது, பாதம் தாரில் ஒட்டிக்கொண்டதுபோல அசையவில்லை.

சந்தை அப்படியே அடங்கிப்போனது. அசேகாவின் குரல் மட்டும் கடை வாசலிலிருந்து வந்தது.

"யாரும் தொடாதீங்க. தொட்டா உங்க மேல ஏறிக்கும்."

ஒருத்தி தன் பிள்ளையை இழுத்து மறைத்துக்கொண்டாள். ஒருவன் கையில் கல் இருந்தது. சர்க்கரைவள்ளிக் கிழங்காகவும் இருந்திருக்கலாம், பயந்த கண்ணுக்கு என்ன தெரியும்? அப்போது மேட்டிலிருந்து கரும்பு லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே இறங்கி வந்தது. பாரத்தோடு வருகிற லாரி சட்டென்று நிற்காது. நான் ஓடியிருக்க வேண்டும். எனக்கு எந்த நோயும் இல்லை, ஆனாலும் என் காலும் நகரவில்லை.

ஒலிபெருக்கியில் டீச்சர் பேசினார். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருவதுபோல நிதானமாக இருந்தது குரல்.

"ஜெரிடா, அவரை இழுக்காத. இழுத்தா விழுந்துடுவாரு. அவர் காலுக்கு முன்னாடி உன் காலைக் குறுக்க வை. தாண்டச் சொல்லு."

சந்தை முழுக்க என் பெயரைக் கேட்டுவிட்டது. இனி எங்கே ஒளிவது? போனேன். என் பாதத்தை அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வைத்தேன்.

"அடிசாப்பா, கீழ பாருங்க. என் காலைத் தாண்டுங்க."

குனிந்து பார்த்தார். முழங்கால் மேலே எழுந்தது. தாண்டினார். நான் பின்வாங்கி மறுபடி காலை வைத்தேன், மறுபடி தாண்டினார். அப்படியே ரோட்டின் ஓரம் வந்து சேர்ந்தோம். இவர் முதுகுக்குப் பின்னால் லாரி போன காற்றில் என் பாவாடை படபடத்தது, கரும்புத் தோகை ஒன்று கழுத்தில் கீறிவிட்டுப் போனது.

கீரை விற்கும் ஒரு கிழவி முதலில் வாய் திறந்தாள். காலைக் குறுக்கே வைத்தால் பேய் போய்விடுமா என்று கேட்டாள்.

"பேயெல்லாம் இல்லம்மா," என்றார் டீச்சர். "மூளை நடன்னு சொல்றது காலுக்குக் கேக்கல. கண்ணுக்கு முன்னால தாண்டறதுக்கு ஒண்ணு இருந்தா கேக்குது. என் தலை ஆடறதும் அதே நோவுதான். என்னைத் தொட்டுப் பாரு, ஒண்ணும் ஆவாது."

கிழவி தொடவில்லை. ஆனால் போகவும் இல்லை. அவளுக்குப் பின்னால் ஆட்கள் சேர்ந்து கேள்வி கேட்டார்கள். அசேகா கடைக்குள் போய்விட்டான்.

நான் மாத்திரையைக் கொடுத்தேன். அது வேலை செய்யக் கொஞ்ச நேரம் ஆகும், இனி வருவதோ கிசுமு இறக்கம். வேனில் ஏறிக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னேன், டீச்சரும் சொன்னார். இவர் சைக்கிளைத் தேடிப் போய் ஏறிக்கொண்டார். நானாவது வேனில் போயிருக்கலாம். அவரைத் தனியே அனுப்பிவிட்டு வேன் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு வர என்னால் முடியாது. கேரியரில் ஏறினேன்.

அந்த ரோட்டில் ஒருபக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். தூரத்தில் ஏரி பளபளத்தது. நான் ஏரியைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலாக எட்டி, பிரேக்கைப் பற்றியிருந்த வலது கை விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். ரப்பர் தீயும் நாற்றம் வந்தது. வேகம் கூடியது. கர்த்தரே, இந்த வளைவு மட்டும் என்று வேண்டுவேன், அது முடிந்தால் அடுத்தது வரும்.

ஒரு வளைவில் மடாட்டு வேன் ஒன்று எங்களைத் தாண்டிப் போய், ஆள் ஏற்றுவதற்காகக் குறுக்கே வெட்டி நின்றது. இவர் விரல்கள் மடங்கின. பின்சக்கரம் வழுக்கியது. இவர் செருப்புக் காலைத் தரையில் தேய்த்தார். என் முழங்கால் அந்த வேனின் பின்விளக்கில் மோதி நின்றது. கண்டக்டர் எட்டிப்பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினான். அவன் திட்டினது காதில் நுழையவில்லை. பல் கிட்டித்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

இவர் மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப யாரு நடுங்கறது?"

"நான்தான்."

"அப்ப உனக்கும் மாத்திரை வாங்கணும்."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மிச்ச தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டே கடந்தேன்.

கிசுமுவில் ஏரிக்கரையில் எல்லோருக்கும் பொரித்த மீனும் உகாலியும் கொடுத்தார்கள். இவர் கையால் மீனைப் பிய்க்க முடியவில்லை. நான் முள் எடுத்து ஊட்டினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அங்கே நோய்க்காரர்களில் பாதிப் பேருக்கு அப்படித்தான் ஊட்டினார்கள்.

வெட்டுவதற்கு இப்போது ஆள் வைத்திருக்கிறோம், இவர் கல்லாவில் உட்காருகிறார். பழைய வாடிக்கையாளர்களில் சிலர் வந்தார்கள், சிலர் இன்னும் அசேகாவிடம்தான் வாங்குகிறார்கள். கூரையில் அதற்குப் பிறகும் ஒருமுறை கல் விழுந்தது. நோயும் நிற்கவில்லை, மெல்ல ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. அடுத்த வருஷம் இவரால் மிதிக்க முடியுமா என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

போன மாதம் முன்பின் தெரியாத ஒரு பெண் கடை வாசலில் நெடுநேரம் நின்றாள். இறைச்சி கேட்கவில்லை. அன்று புருஷனை ரோடு தாண்டவைத்தது நான்தானா என்று கேட்டாள். அவள் புருஷனுக்கும் இதேபோல் நடுக்கமாம், அவன் தம்பிகள் பின்கட்டு அறையில் அடைத்து வைத்திருக்கிறார்களாம். சாப்பாடு வைக்கக்கூட அவளுக்குப் பயமாம்.

"உங்களுக்குப் பயமே இல்லையாக்கா?"

"இருக்கு. இவர் சைக்கிளத் தொட்டாலே பயம்தான். வா, போவோம்."

அவளோடு மலைக்கு அந்தப் பக்கம் இருந்த அவள் வீட்டுக்குப் போனேன். அறைக் கதவு வெளியே கயிற்றால் கட்டியிருந்தது. தம்பிகள் வயலிலிருந்து வந்துவிடுவார்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே அவள் முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே இருட்டு. யாரோ மூச்சு வாங்குவது கேட்டது. நான் முதலில் உள்ளே போனேன்.