ஷர்மின் பார்த்த வல்லூறு

பெண் பார்க்க வருகிறவர்களை வயல்காட்டுக்கு வரச் சொன்ன வீடு கம்பம் ஊரிலேயே எங்கள் வீடாகத்தான் இருக்கும். என் தங்கை ஷர்மினின் ஏற்பாடு அது. தட்டை ஏந்திக்கொண்டு வந்து நிற்க மாட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுடைய பறவை பார்க்கும் குழு கிளம்பும்போது மாப்பிள்ளையும் வரட்டும், நடந்துகொண்டே பேசிக்கொள்கிறோம் என்றாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். உத்தமபாளையத்து மாப்பிள்ளை தௌபீக் என்னடாவென்றால் உடனே சரி என்றுவிட்டார். எனக்கு அப்போதே அவரைப் பிடித்துப்போயிற்று. அக்கா என்கிற முறையில் நானும் காவலுக்குப் போனேன்.

பறவை என்றால் எனக்குக் காக்காயும் கோழியும்தான். இவர்களுக்கோ அதில் ஆயிரம் சட்டம். அபூர்வமான பறவையை ஒருத்தர் மட்டும் பார்த்தால் செல்லாது. போட்டோ வேண்டும். இல்லையென்றால் இன்னொருவர் ‘நானும் பார்த்தேன்’ என்று சொல்ல வேண்டும். குழுவை நடத்தும் விஜயபாண்டி இதில் மகா கறார். தன் பொண்டாட்டி பார்த்ததையே போன வருஷம் தள்ளிவிட்ட மனுஷன்.

ஷர்மினுக்குப் பல வருஷமாக ஒரே ஒரு ஆசை, அமுர் வல்லூறு. எங்கோ சைபீரியாப் பக்கமிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகிற வழியில் எப்போதாவது ஒன்று நம் பக்கம் தலைகாட்டுமாம். குழுவில் யாரும் பார்த்ததில்லை. மழை விட்டு ஈசல் கிளம்பினால் வரும் என்று ஐப்பசி, கார்த்திகை முழுக்க அண்ணாந்து பார்த்தே கழுத்து வலி வாங்கிக்கொள்வாள்.

காமயகவுண்டன்பட்டியைத் தாண்டி திராட்சைத் தோட்டத்துப் பக்கம் விஜயபாண்டியும் மற்றவர்களும் முன்னே போய்விட்டார்கள். நாங்கள் மூவரும் வயல் வரப்பில் வந்துகொண்டிருந்தோம். தௌபீக் வெள்ளை ஷூ போட்டு வந்திருந்தார். முதல் நாள் மழையில் வரப்பு சொதசொதவென்று கிடக்க, ஒரு கால் சேற்றுக்குள் போய், கால் மட்டும் வந்தது, ஷூ வரவில்லை. நானும் அவரும் குனிந்து அதை இழுத்துக்கொண்டிருந்தோம். ஷர்மின் கொஞ்சம் முன்னால் நின்றாள்.

“அக்கா, அங்கன பாரு. கரண்டு கம்பியில. அமுர்.”

ஷூவை வெளியே எடுத்து நாங்கள் நிமிர்ந்தபோது கம்பி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

ஷர்மின் குதித்தாள், கத்தினாள். உடம்பு சாம்பல் நிறம், கால் செக்கச் செவேலென்று இருந்தது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சத்தம் கேட்டுத் திரும்பி வந்த விஜயபாண்டி நேராக விஷயத்துக்கு வந்தார்.

“போட்டோ இருக்காம்மா?”

“இல்லண்ணே. பைனாகுலர்ல பாத்தேன்.”

“வேற யாரு பாத்தாக?”

எனக்கு முந்திக்கொண்டு தௌபீக் சொன்னார். “நான் பாத்தேன்ணே. செவப்புக் கால்.”

எல்லோரும் கைதட்டினார்கள். குழுவில் முதல் அமுர் வல்லூறு, பார்த்தவர்கள் ஷர்மின், தௌபீக் என்று அங்கேயே வாட்ஸப்பில் போட்டார்கள். கட்டிக்கப்போகிறவளுக்காக ஒரு வார்த்தை சொல்கிறாரே என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

டவுன் பஸ்ஸில் திரும்பும்போது ஷர்மின் கேட்டாள். “அது பறந்தப்ப அவரு எங்கனக்கா இருந்தாரு?”

“ஏன்டி, உனக்காகத்தான...”

“எங்கன இருந்தாரு?”

“ஷூவ இழுத்துக்கிட்டு இருந்தோம். ரெண்டு பேரும்.”

போனை எடுத்துக் குழுவில் எழுதினாள்: ‘நான் பார்த்ததற்கு இரண்டாவது ஆள் இல்லை. என் பதிவை நீக்கிவிடுங்கள்.’

அடிப்பாவி என்று இருந்தது எனக்கு. நாங்கள் வீடு போய்ச் சேருவதற்குள் விஜயபாண்டி நீக்கிவிட்டார். யாரோ ஒருவன், புறாவைப் பார்த்துவிட்டு வந்திருப்பாள் என்று எழுதிச் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தான். அதற்கு நாலைந்து பேர் சிரித்திருந்தார்கள். அந்தப் பறவையை அவள் நிஜமாகவே பார்த்தாள். இனி ஜென்மத்துக்கும் ஒருத்தரும் நம்பப்போவதில்லை.

மத்தியானம் தௌபீக் எனக்குப் போன் செய்தார். “என்னக்கா, என்னயப் பொய்யன் ஆக்கிட்டாகளே. அவுக நல்லதுக்குத்தான சொன்னேன்.”

“அவ பாத்தது நெசம் தம்பி. நீங்க சொன்னதால இப்ப அதுவும் பொய்யின்னு ஆயிப்போச்சு.”

“விடுங்கக்கா. ஒரு பறவைதான.”

காலையிலிருந்து அவர் பக்கம் பேசிக்கொண்டிருந்தவள் நான். அந்த ஒரு வார்த்தையில் அவர்மேல் இருந்த பிடிப்பு எனக்கு விட்டுப்போயிற்று. அம்மாவிடம் போய், இந்த இடம் நமக்குச் சரிப்படாது, வேறு பார்ப்போம் என்றேன். அம்மா என்னைத்தான் திட்டினாள்.

ஷர்மின் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அழுதிருக்கிறாள், முகம் வீங்கிக் கிடந்தது. என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

“நீயும் நம்பலயாக்கா?”

நானும் ஓரக்கண்ணால் பார்த்தேன்டி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் சிரிப்பாள், சாப்பிட வருவாள்.

“நான் பாக்கலடி,” என்றேன். “ஆனா நீ பாத்த. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல.”

கையிலிருந்த துணியையெல்லாம் கொடியிலேயே போட்டுவிட்டு வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.