ஹமீது தைத்த உறை

இதில் வருவதெல்லாம் நடந்தது. ஒரு சொல் பொய்யென்றால் என் மூக்குக்கண்ணாடி இந்த நிமிஷமே உடையட்டும். போன வாரம்தான் புதிதாக மாற்றினேன், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மும்பையில் எங்கள் மாட்டுங்கா வாசகர் வட்டத்தில் அந்த மாதம் ஒரு நவீன நாவல். அறுநூற்றுப் பத்துப் பக்கம். முதல் பக்கத்தில் ஒருவன் வாசலில் நின்று, செருப்புப் போடலாமா என்று யோசிக்கிறான். புத்தகம் முழுக்க முற்றுப்புள்ளி ஒன்றே ஒன்று. அதுவும் அச்சுப்பிழை என்று ஆசிரியர் வருத்தம் தெரிவித்திருந்தார்.

தலைவர் அபயாம்பாள், வங்கியில் ஓய்வு பெற்றவர். படிக்காமல் வருகிறவர் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார். தாராவியில் தோல் பட்டறை வைத்திருக்கும் ஹமீதுக்கு இரண்டு எச்சரிக்கை ஆகிவிட்டது. மிஷின் சத்தமில்லாமல் நாலு பேரோடு தமிழில் பேச அவருக்கு இருப்பது இந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். பெயர் போனால் மனுஷன் நொடிந்துவிடுவார்.

ஆகவே முதலில் புத்தகத்துக்கு மரியாதை செய்தார். ஆட்டுத்தோலில் உறை தைத்தார். பட்டறையில் குர்ஆன் உறைகளுக்குத்தான் ஆர்டர் அதிகம். கைப்பழக்கத்தில் இதுவும் வலமிருந்து திறப்பதாக அமைந்துவிட்டது. திறந்த இடத்திலிருந்து, அதாவது கடைசிப் பக்கத்திலிருந்து, வாசித்துக்கொண்டு போனார்.

கூட்டத்தில் முதலில் பேசியவர்கள் “காலம் உறைந்து நிற்கிறது” என்றார்கள். அவர்கள் நின்றது முப்பதாம் பக்கத்தில்.

“ஹமீது, வாசிச்சேளா, இல்லே வழக்கம்போலதானா?” என்றார் அபயாம்பாள்.

“முழுசா வாசிச்சிட்டேம்மா. செருப்பைத் தொலைச்சவன் ஊரெல்லாம் தேடுதான். கடைசியில அது வீட்டு வாசல்லயே கெடக்கு. போடலாமா வேண்டாமான்னு நிக்கான். எனக்கு அழுகை வந்துட்டு.”

“பக்க எண்ணைப் பாக்கலையா?”

“கொறஞ்சுக்கிட்டே வந்துச்சு. இன்னும் இவ்வளவுதான் பாக்கின்னு சொல்லுதாங்க, நல்ல ஏற்பாடுன்னு நெனச்சேன்.”

அபயாம்பாள் புத்தகத்தை வாங்கி, பின்னாலிருந்து பத்து நிமிஷம் வாசித்தார். “நாமதான் இத்தனை நாளாத் தப்பா வாசிச்சிண்டிருக்கோம்” என்றார். ஹமீதின் பெயர் தப்பியது. உறைந்த காலத்தைப் பற்றிப் பேசிய ஆறு பேரின் பெயரை அங்கேயே அடித்தார்.

மறுவாரம் கோபர்கைரனேயிலிருந்து ஆசிரியரே பட்டறைக்கு வந்து ஓர் உறை வாங்கிப்போனார். தன் நாவல் தனக்கே முதல்முறையாக விளங்கியதென்று பிறகு ஹமீதுக்குப் போன் செய்து நன்றி சொன்னார்.

அந்த நாவல் இன்னும் அச்சாகவில்லை. நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.