மச்சான் வாங்கிக்கொடுத்த மசாஜ் மிஷின்

அந்த மசாஜ் மிஷினைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சுவரில் துளை போடுகிற மிஷின் மாதிரியே இருக்கும். முனையில் மட்டும் ஒரு ரப்பர் உருண்டை. ஸ்விட்சைப் போட்டால் டுர்ரென்று அடிக்கும். என் மனைவியின் தம்பி வாங்கிக்கொடுத்தது. அக்கா தினமும் ஓட்டப்பயிற்சி முடித்து வந்து கால்வலியில் தவிக்கிறாளாம், இவனுக்கு மனசு கேட்கவில்லையாம். அப்படியானால் ஆறு வருஷமாக அந்தக் காலைப் பிடித்துவிட்ட நான் யார்?

நான் பேக்கரியில் மாவு பிசைகிறவன். எங்கள் கடையில் எல்லாம் கைதான். விடியுமுன் போனால் மத்தியானம் வீடு திரும்பிவிடுவேன். அவள் ஆபீஸ் முடிந்து வந்து, ஷூவை மாட்டிக்கொண்டு பத்து கிலோமீட்டர் ஓடிவிட்டு, சோபாவில் காலை நீட்டுவாள். நான் தரையில் உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிடித்துவிடுவேன். அந்த அரைமணி நேரம் வாய் ஓயாமல் பேசுவாள். மேனேஜரின் அலட்டல், பக்கத்து சீட்டுக்காரியின் கோள்மூட்டல், எல்லாம் வரும். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் எங்களுக்குள் பேச்சு என்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான். மற்ற நேரமெல்லாம் சாவி எங்கே, கேஸ் வந்ததா, அவ்வளவுதான்.

மிஷின் வந்தது, அந்தப் பேச்சும் போயிற்று.

"உங்களுக்கு எதுக்குங்க வீண் சிரமம்? நானே வெச்சுக்கிறேன்" என்றாள். அந்த இரைச்சலில் யார் பேசுவது, யார் கேட்பது? நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து வயிறெரியப் பார்த்துக்கொண்டிருப்பேன். பெண்களுக்காவது சக்களத்தி என்று திட்ட ஒரு வார்த்தை இருக்கிறது. ஆம்பிளைக்கு அதற்கும் வழியில்லை. இரண்டு தடவை சார்ஜரைப் பிளக்கிலிருந்து பிடுங்கிவிட்டு ஒன்றும் தெரியாதவன்போல இருந்தேன். அவள் மிஷினை ஆபீசுக்கே கொண்டுபோய் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

மூன்று வாரம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினெட்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து காலை நீட்டினாள். கால் பளிச்சென்று இருந்தது. எப்போதும் கெண்டைக்காலில் அங்கங்கே நீலம் பாய்ந்திருக்கும். கேட்டால், ஓடுகிறவர்களுக்கு அப்படித்தான் என்பாள்.

"இப்ப முன்னைவிட அதிகமா ஓடுற. நீலத்தையே காணோமே?"

அவள் மிஷினை நிறுத்தினாள்.

"அது ஓடினதால வந்தது இல்லீங்க."

நான் என் கட்டைவிரலைப் பார்த்தேன். மாவின் பதம் பார்க்க நாங்கள் கட்டைவிரலால் அழுத்துவோம். பள்ளம் விழாவிட்டால் இறுக்கம், இன்னும் பிசைய வேண்டும். மெத்தென்று பள்ளம் விழுந்தால் பதம். அவள் காலிலும் அதே பழக்கத்தில்தான் அழுத்திப் பார்த்திருக்கிறேன். தினமும் ஓடுகிற கால் எந்தக் காலத்தில் பதமாகும்? அதில் பள்ளமே விழாது, நான் இன்னும் அழுத்துவேன்.

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவீங்க. அப்புறம் எம்பக்கத்துல வந்து உக்கார உங்களுக்கு வேற என்ன வேலை இருக்கு?"

"இப்ப மட்டும் எதுக்கு இந்த மிஷின்?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "தம்பி அந்த நீலத்தைப் பாத்துட்டான். மாமா உன்னை அடிக்கிறாரான்னு கேட்டான்."

இந்த வார்த்தையைக் கேட்கவா ஆறு வருஷம் உட்கார்ந்தேன் என்று தோன்றியது. மச்சான்மேல் கோபப்படலாம் என்று பார்த்தால் அதற்கும் முகமில்லை. தரையில் உட்கார்ந்து கையை நீட்டினேன். அவள் மிஷினைக் கொடுத்தாள்.

"ஸ்பீடு ஒண்ணுலயே வைங்க. எலும்பு மேல படவேணாம்."

வைத்தேன். அவள் அந்தச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, மேனேஜருக்கு மாற்றல் வந்த கதையை ஆரம்பித்தாள். பாதியில் பேச்சு நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தாள்.

ஆறு வருஷத்தில் என் கையில் அவள் ஒரு நாள்கூடத் தூங்கியதில்லை. என்னோடு பேச அவ்வளவு ஆசை என்று நினைத்திருந்தேன். வலி தெரியாமலிருக்கத்தான் பேசியிருக்கிறாள். அந்த மிஷினைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம்போல இருந்தது. அவள் விழித்துவிடாதபடி அடுத்த காலுக்கு மாற்றினேன்.