மேல்தாளின் ஏழாவது வரி

மூட்டை அடுக்கும் கோடவுனுக்குள் விழுந்த ஒவ்வொரு அடியும் ஆபீஸ் சுவர் வரைக்கும் வந்து அதிர்ந்தது. அழகி டைப்ரைட்டரில் தாளை ஏற்றினாள். தாள் கோணிக்கொண்டது. உருவி மறுபடி ஏற்றினாள். மறுபடியும் கோணல்.

"என்னத்தப் பேந்தப் பேந்த முழிக்கிறவ? இன்னும் செத்த நேரத்துல மெட்ராஸ் கால் வந்துரும். சீக்கிரம் முடி," என்றார் மேனேஜர் குமரப்பன். காலையில் இன்ஜின் டிரைவர் மருது பிடித்து உலுக்கிய சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை. அதை மறைக்கத் துண்டைக் குறுக்கே போட்டிருந்தார்.

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகிற ரோட்டில் இருந்த அந்த அரிசி மில்லுக்கு முதலாளி நாச்சியப்பன். அவர் இருந்தது மெட்ராஸில். வாரா வாரம் மில்லின் ரிப்போர்ட் கத்தையாகத் தபாலில் போகும். அதை அவர் பிரிப்பதே இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். அவருக்கு வேண்டியது மேல்தாள் மட்டும்தான். கத்தை முழுவதையும் பத்து வரியில் சுருக்கி, சனிக்கிழமை சாயங்காலம் டிரங்க் காலில் அழகி வாசிக்க வேண்டும். குமரப்பனுக்குப் போனில் தொண்டை கட்டிக்கொள்ளும் என்பதால், பதினேழு வயசில் டைப்பிங் லோயர் முடித்து வந்தவளுக்கு இந்த வேலையும் சேர்ந்து வந்தது. பத்தாவது வரி முடிந்ததும் முதலாளி ஒரே ஒரு வார்த்தை கேட்பார்: "வேற?" அவள் "வேற ஒண்ணுமில்லங்கய்யா" என்பாள். போன் வைக்கப்படும்.

சுருக்குவது அவளுக்குக் கைவந்துவிட்டது. எதை எழுதுவது என்பதில் ஒன்றுமில்லை. எதை விடுவது என்பதுதான் வேலை.

சர்க்கார் கணக்கில் லெவி நெல் வந்தது ஒரு வரி. குருணையும் தவிடும் ஒரு வரி. டீசல் ஒரு வரி. இப்படி ஆறு வரி முடிந்தது.

"ஏழாவது வரிக்கு நான் சொல்றதை அப்படியே போடு. 'குடிபோதையில் வேலைக்கு வந்த சின்னக்கருப்பு என்பவர், தன்னுடைய கவனக்குறைவால் பெல்ட்டில் சிக்கி இறந்துபோனார்.' போட்டியா?"

அவள் விரல் எழுத்தின் மேலேயே நின்றது. காலையில் அவள் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தாள். இன்ஜினிலிருந்து ஓடுகிற அந்த நீளத் தோல் பெல்ட் சின்னக்கருப்பின் தலைத்துண்டைப் பிடித்தது, துண்டோடு கையைப் பிடித்தது, அப்புறம் ஆளையே தூக்கியது. தலை தூணில் மோதிய சத்தம் மில் இரைச்சலையும் மீறிக் கேட்டது. பெல்ட்டைச் சுற்றி இருக்க வேண்டிய கம்பி வலை போன மாசமே கழற்றப்பட்டுச் சுவரோரம் சாத்திக் கிடந்தது. பெல்ட் நழுவுகிறபோதெல்லாம் வலையைக் கழற்றி மாட்ட நேரமாகிறதாம். மருது அதை மாட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தான். காலையில் மேனேஜர் சட்டையைப் பிடித்தது அதற்குத்தான். உடனே மேனேஜரின் அடியாள் மலையாண்டியும் இன்னொருத்தனும் அவனைக் கோடவுனுக்குள் இழுத்துப்போனார்கள். சின்னக்கருப்பு குடித்திருந்தான் என்று மருது வாயால் வர வேண்டும். வரவில்லை.

"அய்யா, அந்த அண்ணன் குடிக்க மாட்டாகய்யா..."

குமரப்பன் மேசை மேல் கிடந்த மர ரூலரை எடுத்து அவள் விரல் கணுக்களில் ஓங்கி அடித்தார். கண்ணுக்குள் வெள்ளையாகப் பளிச்சென்றது. அவள் அந்த வரியை அடித்து முடித்தாள்.

மலையாண்டி உள்ளே வந்து பானையில் தண்ணீர் மொண்டு குடித்தான். வேட்டியெல்லாம் புள்ளி புள்ளியாக ரத்தம்.

"பய வாயைத் தொறக்க மாட்டேங்கிறான் அய்யா. ரெண்டு பல்லு போச்சு, ஒரு வார்த்தை வரல."

"தொறக்க வையி."

"இனி அடிச்சா நிக்க மாட்டான். பேச்சைக் காணோம், மூச்சு விட்டு விட்டு இழுக்குது."

"தண்ணியத் தெளிச்சு எழுப்பு. இருட்டுறதுக்குள்ள சொல்லணும்."

மலையாண்டி அவள் பக்கம் திரும்பிப் பல்லைக் காட்டினான். "ஏத்தா டைப்பு, உன் மிசினு சத்தம் பெருசா, என் கைச்சத்தம் பெருசா?"

"விட்டுருங்கண்ணே. செத்துருவாக."

"ஒனக்கும் ஒரு அறை வேணுமா? சிங்கம்புணரில உங்க அப்பன் வீடு எதுன்னு எனக்குத் தெரியும்த்தா."

அவன் வைத்துவிட்டுப்போன தம்ளரில் நாலு விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன.

போன் அடித்தது. "மெட்ராஸ் கால், பேசுங்க," என்றது எக்ஸ்சேஞ்ச்.

குமரப்பன் அவளுக்குப் பின்னால் வந்து நின்று, சடையைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். அவள் வாசித்தாள். ஒவ்வொரு வரிக்கும் அந்தப் பக்கம் "ம்" என்றது. ஏழாவது வரிக்கும் அதே "ம்"தான். குருணைக்கும் சின்னக்கருப்புக்கும் ஒரே "ம்". பத்தாவது வரி முடிந்தது.

"வேற?"

கோடவுனில் தண்ணீர் விசிறியடிக்கிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் ஒரு அடி. வழக்கமாக வருகிற முனகல் வரவில்லை.

"வேற ஒண்ணும்..." என்று வாய் தானாகப் பழக்கத்தில் ஆரம்பித்துவிட்டது. சடை இறுகியது. "மருதண்ணனைக் கோடவுன்ல போட்டு அடிக்கிறாகய்யா! சாகப் போறாக! சின்னக்கருப்பண்ணன் குடிக்கல, வலையைக் கழத்தி..."

சடையைப் பிடித்தபடியே குமரப்பன் அவள் முகத்தை மேசையில் மோதினார். நெற்றி டைப்ரைட்டர் விளிம்பில் பட்டுக் கிழிந்தது. ரிசீவர் கைதவறிக் கம்பியில் தொங்கி ஆடியது. அதற்குள்ளிருந்து முதலாளியின் குரல் சின்னதாக, "அலோ, அலோ, என்னடா சத்தம் அங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

குமரப்பன் மூச்சை அடக்கிக்கொண்டு ரிசீவரை எடுத்தார். "ஒண்ணுமில்லீங்கய்யா. பிள்ளைக்குக் காய்ச்சல், ஏதோ உளறுது..."

"பொய்யி!" தரையில் கிடந்தபடியே அழகி தொண்டை கிழியக் கத்தினாள். அவர் செருப்புக் காலால் அவள் விலாவில் ஒரு உதை விட்டார். இரண்டாவது உதைக்கு ஓங்கிய கால் பாதியில் நின்றது. போனில் ஏதோ சொல்கிறார்கள். முகம் வெளுத்தது. ரிசீவரை அவளிடம் நீட்டினார்.

"உசுரு இருக்கா அவனுக்கு?" என்றார் நாச்சியப்பன்.

"தெரியலங்கய்யா."

"மில்லுக்குள்ள ஒரே நாள்ல ரெண்டு சாவு விழுந்தா சர்க்கார்க்காரன் வந்து சீல் வச்சுட்டுப் போயிருவான். உடனே லாரில போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லிட்டேன். இந்தா பிள்ள, இதெல்லாம் முதல் வரியில வரணும். கடேசில சொல்றதா?"

"சின்னக்கருப்பண்ணன் குடிக்கலங்கய்யா."



"ஏழாவது வரி அப்படியே இருக்கட்டும்," என்றார். போன் வைக்கப்பட்டது.

மருதுவை நாலு பேர் சாக்கில் தூக்கிவந்தார்கள். முகம் என்று ஒன்று இல்லை, வீங்கிக் கருத்த சதைதான் இருந்தது. ஆனால் வாயோரம் ரத்தம் நுரைத்து நுரைத்து அடங்கியது. மூச்சு இருக்கிறது. லாரி போக கேட்டைத் திறந்தபோது, காலையிலிருந்து வெளியே நிறுத்தி வைத்திருந்த சின்னக்கருப்பின் பெண்சாதி பொன்னுத்தாயி உள்ளே ஓடிவந்தாள். சுவரோரம் கிடந்த புருஷன் மேலிருந்து சாக்கை உருவி எறிந்தாள். பார்த்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அழகி நெற்றியைத் தாவணியால் அழுத்திக்கொண்டு அவளைத் தாண்டிக் கேட்டுக்குப் போகத்தான் நினைத்தாள். பொன்னுத்தாயி அவள் கணுக்காலைப் பிடித்தாள்.

"மொதலாளிக்கு நீதான் வாசிப்பியாமே. என் ஆளைப் பத்தி என்னத்தா வாசிச்ச?"

"குடிச்சிருந்தாகன்னு."

விழுந்த அறையில் அழகி மண்ணில் உட்கார்ந்தே போனாள். காது இரைந்தது. பொன்னுத்தாயி அவள் தாவணியைக் கொத்தாகப் பிடித்து முகத்துக்கு முகம் இழுத்தாள்.

"வேற?"

ஆபீஸ் ஜன்னலில் குமரப்பன் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கோடவுன் வாசலில் மலையாண்டி கை கழுவிக்கொண்டிருந்தான். அழகி இருவரையும் ஒருமுறை பார்த்தாள்.

"வலையைப் போன மாசமே கழத்திட்டாகக்கா," என்றாள். "மருதண்ணன் மாட்டச் சொல்லிக் கேட்டுக்கிட்டே இருந்தாக. நான் ஜன்னல்ல இருந்து பாத்தேன். ஒங்க வீட்டுக்காரக நல்லாத்தான் நின்னாக, நெதானமாத்தான் நின்னாக..."

மலையாண்டி கையை உதறிவிட்டு அவர்களை நோக்கி நடக்க ஆரம்பித்தான். கேட்டுக்கு வெளியே நின்றிருந்த கூட்டம் மெல்ல உள்ளே வந்துகொண்டிருந்தது. அழகி நிறுத்தவில்லை. எதையும் விடாமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, குரலை உயர்த்திச் சொல்லிக்கொண்டே போனாள்.