தளிர்விட்ட குருசு

சாந்தோம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மர்சலின் டீச்சர் என்றாலே சிம்ம சொப்பனம். அன்று செடியின் உறுப்புகள் பாடம். ஆளுக்கொரு கிளை கொண்டுவரச் சொல்லியிருந்தாள். அதுகள் வழியிலிருந்த வேலியையெல்லாம் மொட்டையடித்துக்கொண்டு வந்து நின்றன.

ஐரின் என்ற சிறுமி நீட்டியது பூவரசங்கிளை.

"இலை என்ன செய்யும்?"

"வெயில்ல சாப்பாடு தயார் பண்ணும், டீச்சர்."

"தண்டு?"

"வேர் குடிக்கிற தண்ணியை மேல கொண்டுபோவும்."

"சபாஷ். இதை எங்கே ஒடிச்சே?"

"மந்தைவெளி கல்லறைத் தோட்டத்துல. நம்ம அல்போன்ஸ் குருசு துளுத்துக்கினு கீது, டீச்சர்."

அல்போன்ஸ் மர்சலினின் ஒரே மகன். பங்குனியில் விஷக்காய்ச்சல் கண்டு இறந்துபோனவன். யுத்தத்துக்காகத் தேக்கெல்லாம் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்த நேரம் அது. தச்சர் இனாயத் தன் வீட்டுப் பூவரசை வெட்டிப் பச்சை ஈரத்தோடு அவன் கல்லறைக்குக் குருசு செய்து கொடுத்தார்.

மர்சலினுக்கு இது புதுச் செய்தியல்ல. முதல் தளிரை வைகாசியிலேயே பார்த்துவிட்டாள். பச்சைக் கட்டை வேர்விடும் என்பது அவள் படித்த பாடம்தான். ஆனாலும் யாரிடமும் மூச்சுவிடவில்லை. தெரிந்தால் பிடுங்கிப் போட்டுவிடுவார்களே என்ற பயம்.

பயந்தபடியே ஆயிற்று. சாயங்காலம் அவள் குடத்தோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோது, தோட்டக்காரர் காஸ்பர் கடப்பாரையும் கையுமாக நின்றிருந்தார். குருசின் இரண்டு கைகளிலும் யாரோ மஞ்சள் நூல் கட்டியிருந்தார்கள்.

"சர்ச்சு சாமியார் புடுங்கச் சொல்ட்டாரு, டீச்சரம்மா. ஜனங்க இத்தக் கும்பிட ஆரம்பிச்சிட்டாங்க. அதே மரத்துல அறுத்த குருசு இன்னும் ரெண்டு அங்க நிக்கிது. அது வெறுங்கட்டையாத்தான் கீது. இது மட்டும் ஏன் துளுக்குது?"

"நான் தண்ணி ஊத்தறேன், காஸ்பர். தினமும்."

"கல்லறைக்கு எதுக்கும்மா தண்ணி?"

காய்ச்சல்காரப் பிள்ளைக்குத் தண்ணீர் ஆகாது என்று தெருவே சொன்னது. ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிற மகராசி அதற்குத் தலையாட்டினாள். தண்ணி, தண்ணி என்று கேட்டுக் கேட்டே நாக்கு வறண்டு போனான் பிள்ளை. பாவி, ஒரு வாய் கொடுத்திருந்தால் என்ன?

"கேட்டான், நான் குடுக்கலை" என்றாள்.

காஸ்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடப்பாரையை மண்ணில் இறக்கி நெம்பினார். குருசு அசையவில்லை. கட்டிப்பிடித்து இழுத்தார். ஒரு விரற்கடை மேலே வந்தது. பிறகு, யாரோ வெடுக்கென்று கீழே பிடித்து இழுத்ததுபோல் பழைய இடத்துக்கே போய்விட்டது. அவருக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது.

மர்சலின் மண்டியிட்டுக் குடத்தைச் சாய்த்தாள். ஆடி மாதத்துக் காய்ந்த மண்ணில் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடத் தேங்கவில்லை. அடியிலிருந்து மடக் மடக்கென்று சத்தம் வந்தது. அவசர அவசரமாக, மூச்சு வாங்காமல். குடம் காலியான பிறகும் அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

காஸ்பர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"உனக்கும் கேக்குதா?" என்றாள் மர்சலின். இத்தனை நாளும் தனக்குத்தான் பைத்தியம் என்று நினைத்திருந்தாள்.

அவர் கடப்பாரையை அங்கேயே போட்டுவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனார்.